சார், சைன்ட் சார், அன்சைன்ட் சார்: கம்பைலர் வார்னிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொஞ்சம் பழைய சி கோடு எதையாவது எடுத்து டபிள்யூ-ஆல் (-Wall, பொதுவான வார்னிங்குகளைக் காட்டச் சொல்லும் ஃபிளாக்) போட்டு கம்பைல் செய்து பாருங்கள், 'டிஃபர் இன் சைன்ட்னஸ்' (ஒன்று நெகடிவ் எண்ணும் கொள்ளும் சைன்ட், மற்றது கொள்ளாத அன்சைன்ட்) என்று முடியும் வார்னிங் வரிசையாக வந்து திரையை நிரப்பும். பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: எல்லா இடத்திலும் காஸ்ட் (டைப்பை வலிந்து மாற்றுவது) போட்டு வாயை அடைக்கிறார்கள், அல்லது வார்னிங்கையே அணைத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம்தான். இந்தக் குடும்பத்தில் அதிகம் கத்துகிற வார்னிங் அநேகமாக ஆபத்தில்லாதது, உண்மையில் கடிக்கிற தவறுக்கு டபிள்யூ-ஆல் போட்டாலும் பல நேரம் ஒரு வரி கூட வராது. இதைப் புரிந்துகொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

இந்த வார்னிங் உண்மையில் என்ன சொல்கிறது?

ஜிசிசி என்ற சி கம்பைலரில் இதன் பெயர் டபிள்யூ-பாயின்டர்-சைன். டபிள்யூ-ஆல் போட்டாலே சேர்ந்து வந்துவிடும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் எதுவும் போடாமலே வரும். நீங்கள் அன்சைன்ட் சார் பாயின்டர் ஒன்றை வைத்திருக்கிறீர்கள், அதை ஸ்ட்ரிங்கின் நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென்னுக்குக் கொடுக்கிறீர்கள், ஸ்டர்லென் கேட்பதோ வெறும் சார் பாயின்டர். இரண்டும் ஒரு பைட்தான், முகவரியும் அதேதான், ஆனால் மொழியின் விதிப்படி இரண்டும் வேறு வேறு டைப். அதைத்தான் கம்பைலர் சுட்டிக்காட்டுகிறது. ஸ்டர்லென் செய்வதெல்லாம் பூஜ்யம் வரும் வரை எண்ணுவது மட்டுமே, அதனால் இந்த இடத்தில் விடை மாறவே மாறாது.

எஸ்கியூலைட் டேட்டாபேஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தினசரி சந்திப்பு. டேபிளின் ஒரு நெடுவரிசையில் (column) உள்ள எழுத்தைத் தரும் ஃபங்ஷன் கான்ஸ்ட் அன்சைன்ட் சார் பாயின்டரைத் திருப்பித் தருகிறது, நாம் அதை கான்ஸ்ட் சார் பாயின்டரில் வாங்குகிறோம், உடனே வார்னிங். எக்ஸ்எம்எல் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரியிலும் அப்படியே, அதன் எக்ஸ்எம்எல்சார் என்பது அன்சைன்ட் சார்தான், காஸ்ட் செய்வதற்கென்றே 'பேட் காஸ்ட்' என்று ஒரு மேக்ரோவையும் அவர்களே வைத்திருக்கிறார்கள்.

வெறும் சார் என்றால் சைன்டா, அன்சைன்டா?

மெஷினைப் பொறுத்தது. சி மொழியின் ஸ்டாண்டர்டு இதைக் கம்பைலர் எழுதுகிறவர்களிடமே விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்ஸில் சைன்ட், அதாவது -128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் அன்சைன்ட், 0 முதல் 255 வரை. பவர்பிசி லினக்ஸிலும் ரிஸ்க்-ஃபைவிலும் அன்சைன்ட். அதே ஆர்ம் சிப் ஆப்பிள் மேக்கில் இருந்தால் மறுபடி சைன்ட்! அதனால் லேப்டாப்பில் சரியாக ஓடிய புரோகிராம் ராஸ்பெர்ரி பையிலோ கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஆர்ம் சர்வரிலோ வேறு மாதிரி நடந்துகொண்டால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ட் என்றால் சைன்ட் இன்ட்தான், இரண்டும் ஒரே டைப். சார் அப்படியில்லை. சார், சைன்ட் சார், அன்சைன்ட் சார் மூன்றுமே தனித்தனி டைப், வெறும் சார் எந்த மெஷினில் எப்படி நடந்துகொண்டாலும் அது மற்ற இரண்டில் ஒன்றாக ஆகிவிடுவதில்லை.

ஏன் இப்படி விட்டார்கள்? ஒன்றை முடிவு செய்திருக்கலாமே?

சி பிறந்து வளர்ந்த மெஷின்களைப் பார்த்தால் காரணம் தெரியும். பிடிபி-11 கம்ப்யூட்டரில் ஒரு பைட்டை ரெஜிஸ்டருக்குக் கொண்டுவரும் கட்டளை தானாகவே சைனை நீட்டிவிடும், அங்கே சைன்ட் சார்தான் மலிவு. ஐபிஎம் மெயின்ஃபிரேமில் நேர்மாறு. அங்கே எப்சிடிக் எழுத்து வரிசை, ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தின் மதிப்பே 193. அடிப்படை எழுத்துகள் எதுவும் சாரில் நெகடிவ் ஆகக்கூடாது என்பது ஸ்டாண்டர்டின் விதி, அதனால் அங்கே அன்சைன்ட் தவிர வேறு வழியில்லை. ஆரம்பகால ஆர்மில் சைனோடு ஒரு பைட்டை லோட் செய்யும் கட்டளையே கிடையாது, அது ஆர்ம் வி4-இல்தான் வந்தது. 1989-இல் ஸ்டாண்டர்டு வந்தபோது இரண்டு பக்கமும் ஏராளமான கோடு ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஒரு தரப்பை உடைக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

காஸ்ட் போட்டு அடக்கிவிடலாமா?

பாயின்டரைப் பொறுத்தவரை, போடலாம். எந்த ஆப்ஜெக்டையும் சார் டைப்பின் வழியாகப் படிக்க சி அனுமதிக்கிறது, அலையாசிங் (ஒரே மெமரியை வேறு டைப்பில் தொடுவது) சிக்கலும் வராது. ஆனால் நாற்பது இடத்தில் நாற்பது காஸ்ட் போடாதீர்கள். காஸ்ட் என்பது 'எனக்குத் தெரியும், பேசாமல் இரு' என்று கம்பைலரிடம் சொல்வது. நாளைக்கு அந்த வேரியபிள் இன்ட் பாயின்டராக மாறினாலும் அதே காஸ்ட் அதையும் மூடிவிடும், சத்தமே வராது.

நான் பரிந்துரைப்பது, ஒரு சின்ன ஸ்டாட்டிக் இன்லைன் ஃபங்ஷன். உள்ளே வாங்குவது கான்ஸ்ட் அன்சைன்ட் சார் பாயின்டர், திருப்பித் தருவது கான்ஸ்ட் சார் பாயின்டர், உள்ளே ஒரே ஒரு காஸ்ட். அதைக் கூப்பிடும் இடத்தில் தவறான டைப்பைக் கொடுத்தால் கம்பைலர் இன்னமும் கத்தும். அது நமக்கு வேண்டும்.

வார்னிங்கையே அணைத்துவிட்டால்?

லினக்ஸ் கெர்னல் பல வருடங்களாக இதை அணைத்தே வைத்திருக்கிறது. அவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறார்கள். புதிதாக ஆரம்பிக்கும் ப்ராஜெக்ட்டில் அணைக்காமல் விடுங்கள் என்பேன், ஏனென்றால் இந்த வார்னிங் வரும் இடம்தான் உங்கள் டிசைனில் 'எழுத்து' முடிந்து 'பைட்' தொடங்கும் எல்லை, அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிவதே பாதி வேலை. பழைய கோட்டில் ஆயிரக்கணக்கில் வந்தால் தற்காலிகமாக அணைப்பதில் தவறில்லை, அதே நேரம் கீழே சொல்லப்போகிற வார்னிங்குகளை அணைக்காமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் உண்மையான ஆபத்து எங்கே?

பாயின்டரில் இல்லை, மதிப்பில் இருக்கிறது. ஒரு சார் எந்தக் கணக்கில் நுழைந்தாலும் சி அதை முதலில் இன்ட் ஆக்கிவிடும். அப்படி ஆக்கும்போது சார் சைன்ட் ஆக இருந்து மேல் பிட் 1 ஆக இருந்தால், அந்த 1 இடது பக்கம் முழுக்க நிரம்பி நெகடிவ் எண் வந்துவிடும். சட்டப்படி இது சரியான மாற்றம், மதிப்பு மாறவில்லை, அதனால் கம்பைலர் மூச்சு விடாது.

ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்கள் இதை ஆண்டுக்கணக்கில் பார்க்காமலே இருக்கலாம், அஸ்கி முழுவதும் 127-க்குள் அடங்கிவிடும். தமிழ் எழுதுகிற நமக்கு அந்த வசதி கிடையாது. 'அ' என்ற ஒற்றை எழுத்து யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் மூன்று பைட்: 224, 174, 133. எக்ஸ்86-இல் இதைச் சாரில் படித்தால் கிடைப்பது -32, -82, -123. மூன்றுமே நெகடிவ். 'தமிழ்' என்ற சொல் 15 பைட், பதினைந்தும் நெகடிவ். எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் இதே கதைதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 'அ'-வின் முதல் பைட்டைப் பிரின்ட்எஃப்பில் ஹெக்ஸாக அச்சிட்டுப் பாருங்கள். இ-0 என்று இரண்டு இலக்கம் வர வேண்டிய இடத்தில், முன்னால் ஆறு எஃப் ஒட்டிக்கொண்டு எட்டு இலக்கம் வரும். அந்த ஆறு எஃப்தான் இடது பக்கம் நிரம்பிய 1-கள். அன்சைன்ட் சாருக்குக் காஸ்ட் செய்துவிட்டு அச்சிட்டால் இ-0 மட்டும் வரும்.

'அரே சப்ஸ்கிரிப்ட் ஹாஸ் டைப் சார்' என்று வருகிறதே, அது?

அதை மதியுங்கள். டபிள்யூ-சார்-சப்ஸ்கிரிப்ட்ஸ் என்ற இந்த வார்னிங்கும் டபிள்யூ-ஆலில் அடக்கம். எழுத்துகளை எண்ணுவதற்கு 256 இடமுள்ள அரே ஒன்றை வைத்து, சாரையே இன்டெக்ஸாகக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 'அ' வந்தால் -32-வது இடத்தில் எழுதுகிறீர்கள், அதாவது அரேவுக்கு முன்னால் இருக்கும் வேறு யாருடைய மெமரியிலோ. இது உடனே கிராஷ் ஆகாமல், எங்கோ தள்ளி வேறொரு வேரியபிளைக் கெடுத்து, தேட வைக்கும் வகைத் தவறு.

இஸ்ஆல்ஃபா, இஸ்ஸ்பேஸ், டோஅப்பர் கூப்பிட்டாலும் அதே வார்னிங் ஏன் வருகிறது? அரே எதுவும் இல்லையே?

எழுத்தின் வகையைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் இவை சில லைப்ரரிகளில் மேக்ரோ, உள்ளே அரே இருக்கிறது. நியூலிப் என்ற சி லைப்ரரியிலும் நெட்பிஎஸ்டி இயங்குதளத்திலும் இப்படித்தான். இந்த ஃபங்ஷன்கள் வாங்குவது இன்ட் ஆனாலும், ஸ்டாண்டர்டு அனுமதிக்கும் மதிப்பு 0 முதல் அன்சைன்ட் சாரின் உச்சம் வரை, கூடவே இஓஎஃப் (ஃபைல் முடிந்ததைக் குறிக்கும் மதிப்பு, பொதுவாக -1). வேறு எது கொடுத்தாலும் நடத்தை வரையறுக்கப்படாதது.

லினக்ஸில் வழக்கமாக உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சி இங்கே பெருந்தன்மையாக இருக்கிறது. அதன் டேபிளில் -128-இலிருந்து 255 வரை 384 இடம் வைத்திருக்கிறார்கள், அதனால் லினக்ஸில் நெகடிவ் கொடுத்தாலும் ஓடிவிடும். அதே கோட்டை விண்டோஸில் விஷுவல் சி டீபக் பில்டில் ஓட்டினால் மதிப்பு -1-க்கும் 255-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று அசெர்ட் பெட்டி வந்து நிற்கும். தமிழ் ஃபைல் ஒன்றைக் கொடுத்த முதல் நொடியிலேயே நிற்கும்.

ஒவ்வொரு முறையும் அன்சைன்ட் சாருக்குக் காஸ்ட் செய்த பிறகே கூப்பிடுங்கள். இன்டுக்குக் காஸ்ட் செய்தால் வார்னிங் போகும், தவறு அப்படியே இருக்கும்! இந்த ஒரு விஷயத்தைத்தான் ரிவ்யூவில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அப்புறம், காஸ்ட் சரியாகப் போட்டாலும் யுடிஎஃப்-8 உரைக்கு இந்த ஃபங்ஷன்கள் ஏற்றவை அல்ல. மேக்கில் யுடிஎஃப்-8 லொகேலில் 133 என்ற பைட்டை இஸ்ஸ்பேஸ் 'இடைவெளி' என்று சொல்லியிருக்கிறது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் எச்ஸ்டோர் என்ற டைப்பின் பார்சரில் இதற்காகவே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. 'அ'-வின் கடைசி பைட் என்ன என்று மேலே பாருங்கள். இடைவெளி, டேப், புதுவரி என்று உங்களுக்கு வேண்டிய அஸ்கி எழுத்துகளை மட்டும் நேரடியாக ஒப்பிடும் சொந்த ஃபங்ஷன் நான்கு வரிதான்.

கெட்சார் தருவதைச் சாரில் வாங்கினால் என்ன ஆகும்?

உள்ளீட்டிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் கெட்சார், எஃப்கெட்சி எல்லாம் இன்ட் தருகின்றன. 256 பைட் மதிப்புகளும் வேண்டும், அவற்றில் எதோடும் மோதாத இஓஎஃப் ஒன்றும் வேண்டும், எட்டு பிட்டில் அது கொள்ளாது. சாரில் வாங்கினால் இரண்டு விதமாகக் கெடும். சார் சைன்ட் ஆக உள்ள மெஷினில், ஃபைலின் நடுவே 255 என்ற பைட் வந்ததும் அது -1 ஆகி, ஃபைல் முடிந்துவிட்டது என்று லூப் நின்றுவிடும். சார் அன்சைன்ட் ஆக உள்ள மெஷினில் -1 என்பது ஒருபோதும் வராது, லூப் முடியவே முடியாது. கூடுதல் வார்னிங்குகளைத் தரும் டபிள்யூ-எக்ஸ்ட்ராவில் உள்ள டைப்-லிமிட்ஸ் வார்னிங் இரண்டாவதைப் பிடிக்கும், ஆனால் ஆர்மில் கம்பைல் செய்தால்தான் பிடிக்கும்.

இதனால் நிஜமாகவே யாராவது பாதிக்கப்பட்டிருக்கிறார்களா?

நிறைய. பழையதிலிருந்து சொல்கிறேன்.

1996-இல் பாஷ் ஷெல்லில் கண்டுபிடித்தது. கட்டளை வரியைப் படிக்கும் இடத்தில் ஸ்ட்ரிங்கை வெறும் சார் பாயின்டர் என்று அறிவித்திருந்தார்கள். 255 என்ற பைட் வந்தால் அது -1 ஆகி, கட்டளை முடிந்துவிட்டது என்று ஷெல் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருப்பதைப் புதுக் கட்டளையாக ஓட்டியது. செமிகோலனையும் புதுவரியையும் வடிகட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைத்த புரோகிராம்களெல்லாம் இந்த ஒரு பைட்டில் திறந்துகொண்டன. திருத்தம் என்ன தெரியுமா, அந்த அறிவிப்பில் அன்சைன்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தது. 2003-இல் சென்ட்மெயில் என்ற மெயில் சர்வரின் முகவரி பார்சரில் இதே 255 இதே -1 ஆகி, பஃபர் அளவுச் சோதனையைத் தாண்டிப்போனது.

எனக்கு மிகவும் கவலை தந்தது பாஸ்வேர்டை ஹேஷ் ஆக்கும் கிரிப்ட் புளோஃபிஷ் கோட்டில் 2011-இல் வெளிவந்த பிழை. பாஸ்வேர்டின் நான்கு எழுத்துகளைச் சேர்த்து ஒரு 32 பிட் எண்ணாக்கும் லூப் அது: இருப்பதை எட்டு பிட் இடது பக்கம் தள்ளு, அடுத்த எழுத்தை ஆர் செய். எழுத்து நெகடிவ் ஆக இருந்தால் என்ன நடக்கும்? அதன் மேல் 24 பிட்டும் 1. ஆர் செய்ததும் ஏற்கெனவே சேர்த்த மூன்று எழுத்துகள் இருந்த இடமும் 1-களால் மூடப்பட்டுவிடும், அதாவது அந்த எழுத்துகள் என்னவாக இருந்தாலும் ஹேஷ் ஒன்றே. ஆங்கில பாஸ்வேர்டு வைத்தவருக்கு ஒன்றும் ஆகாது. அஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்தில், உதாரணமாகத் தமிழில் வைத்தால் பாஸ்வேர்டு பலவீனமாகிவிடும். பிஎச்பி-யும் போஸ்ட்கிரெஸும் இந்தக் கோட்டைத்தான் எடுத்துப் பயன்படுத்தின. பிஎச்பி 5.3.7-இல் திருத்தினார்கள். இன்றும் பிஎச்பி பாஸ்வேர்டு ஹேஷ் '2ஒய்' என்று தொடங்குவது, இது திருத்திய பின் உருவான ஹேஷ் என்று காட்டத்தான்.

2012-இல் மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் வந்தது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பாஸ்வேர்டை மெம்கம்ப் (பைட்டுகளை ஒப்பிட்டு, ஒன்றென்றால் பூஜ்யம் தரும் ஃபங்ஷன்) கொண்டு ஒப்பிட்டு, அந்த இன்ட் விடையைச் சார் அளவுள்ள டைப்பில் திருப்பித் தந்தார்கள். பாஸ்வேர்டு தவறென்றால் மெம்கம்ப் பூஜ்யமல்லாத எதையும் தரலாம், 512 தந்தால் கீழ் எட்டு பிட் பூஜ்யம், 'பாஸ்வேர்டு சரி' என்று அர்த்தமாகிவிட்டது. மெம்கம்ப் அப்படிப் பெரிய எண் தரும் பில்டுகளில், தவறான பாஸ்வேர்டோடு 256-க்கு ஒரு முறை உள்ளே போக முடிந்தது. டபிள்யூ-கன்வர்ஷன் போட்டிருந்தால் கம்பைலர் அந்த வரியைக் காட்டியிருக்கும்.

எஃப்-அன்சைன்ட்-சார் ஃபிளாக் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

வெறும் சாரை எல்லா மெஷினிலும் அன்சைன்ட் போல நடக்க வைக்கும் ஃபிளாக் இது, மதிப்புச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். லினக்ஸ் கெர்னல் 2023 பிப்ரவரியில் வந்த 6.2 முதல் எல்லா மெஷினுக்கும் இந்த ஃபிளாக்கோடுதான் கம்பைல் ஆகிறது. பாயின்டர் வார்னிங் மட்டும் போகாது, சார் அன்சைன்ட் போல நடந்தாலும் அது வேறு டைப் என்று மேலே சொன்னேனே, அதனால்தான்.

உங்கள் கோட்டில் யாராவது சாரில் -1 வைத்து, பிறகு பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கும் இடம் இருந்தால் அது இந்த ஃபிளாக்கில் உடையும். ஆர்மிலும் அது உடைந்தே இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்86-இல் உட்கார்ந்துகொண்டே ஆர்ம் பிழைகளைப் பிடிக்க இந்த ஃபிளாக் நல்ல வழி: டெஸ்ட்டுகளை ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை இந்த ஃபிளாக் போட்டு டபிள்யூ-எக்ஸ்ட்ராவோடு ஓட்டுங்கள். இரண்டு விடையும் வேறுபட்டால் எங்கோ சார் எண்ணாகப் பயன்படுகிறது.

இரட்டைப் பாயின்டருக்கு வார்னிங் இல்லாமல் எரரே வருகிறது. ஏன்?

சார் பாயின்டரின் பாயின்டரும் அன்சைன்ட் சார் பாயின்டரின் பாயின்டரும் சைனில் மட்டும் வேறுபட்டவை என்று ஜிசிசி பார்ப்பதில்லை, பொருந்தாத பாயின்டர் டைப் என்றே பார்க்கிறது. 2024-இல் வந்த ஜிசிசி 14 அந்த வகையை எரர் ஆக்கிவிட்டது. வெளியே காஸ்ட் போடாதீர்கள். சரியான டைப்பில் ஒரு லோக்கல் வேரியபிள் வைத்து அதன் முகவரியைக் கொடுத்து, திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டர்கம்ப் நெகடிவ் சார்களால் வரிசையைக் குழப்புமா?

குழப்பாது. இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் இந்த ஃபங்ஷன் பைட்டுகளை அன்சைன்ட் சாராகவே ஒப்பிட வேண்டும் என்பது ஸ்டாண்டர்டு. நீங்களே லூப் எழுதி இரண்டு சாரைக் கழித்தால்தான் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் போய் நிற்கும், ஆர்மில் பின்னால் நிற்கும்.

எந்த டைப்பை எங்கே பயன்படுத்துவது?

மனிதர் படிக்கும் உரை என்றால் சார். நெட்வொர்க் பாக்கெட், படம், ஹேஷ், கீ, கம்ப்ரெஸ் செய்தது என்றால் அன்சைன்ட் சார் அல்லது யுஇன்ட்8, பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒன்றே. சின்ன எண்கள் வேண்டுமென்றால் சைனைச் சொல்லியே எழுதுங்கள், வெறும் சாரை எண்ணாகப் பயன்படுத்தவே வேண்டாம். உரையின் உள்ளே பைட்டை எடுத்து ஆராயும்போது, எடுக்கும் அந்த இடத்திலேயே அன்சைன்ட் சாருக்கு மாற்றிவிடுங்கள், பிறகு கீழே எங்கும் யோசிக்க வேண்டியதில்லை.

ஜிசிசி 15-க்கு மாறிய பிறகு யு8 ஸ்ட்ரிங்குகளில் புதிதாக வார்னிங் வருகிறது. என்ன மாறியது?

மொழியே மாறியது. சி23-இல் யு8 முன்னொட்டு போட்ட ஸ்ட்ரிங்கின் டைப் சார்8, அது அன்சைன்ட் சார். அதற்கு முன் சி11-இல் வெறும் சார். 2025-இல் வந்த ஜிசிசி 15 எதுவும் சொல்லாவிட்டால் சி23-ஐயே எடுத்துக்கொள்கிறது, அதனால் யு8 ஸ்ட்ரிங்கைச் சார் பாயின்டரில் வாங்கிய வரிகளெல்லாம் பாயின்டர்-சைன் வார்னிங் தருகின்றன. உங்கள் சோர்ஸ் ஃபைல் ஏற்கெனவே யுடிஎஃப்-8 ஆக இருந்து, ஓடும் நேர எழுத்து வரிசையையும் மாற்றாமல் இருந்தால், ஜிசிசி-யிலும் கிளாங்கிலும் அந்த முன்னொட்டை எடுத்துவிட்டாலே போதும், பைட்டுகள் மாறாது. விஷுவல் சி-யிலும் கம்பைல் ஆக வேண்டுமென்றால் அங்கே யுடிஎஃப்-8 ஃபிளாக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.